குழாயடியில் கழுவிப் போனது

ஆஸ்பத்திரி வார்டுக்காரர் வீட்டுச் சாக்கடைத் தண்ணீரைக் குடித்த நாய்க்கு ஒடிந்த கால் மூன்றாம் நாள் ஒட்டிக்கொண்டது. லாரிச் சக்கரம் ஏறிய கால். எலும்பு வெளியே தெரிந்தது. சாவதற்கு ஓர் இடம் தேடி வந்த நாய், வாசலுக்கு வெளியே இருந்த குழாயடியில் சோப்பு நுரையோடு தேங்கிக் கிடந்த தண்ணீரை நக்கிவிட்டுச் சுவர் ஓரமாகப் படுத்தது. மூன்றாம் நாள் எழுந்து பால்காரரைத் துரத்தியது. அந்த வாரம் கடைகளில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. தெருவில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். நாயைப் பற்றிப் பேச ஆளில்லை. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். நாய்க்கு இப்போது இருபத்தேழு வயது. இன்னும் துரத்துகிறது.

நாய்க்குப் பிறகு பூனைகள் வந்தன, சிறகு தொங்கிய புறா ஒன்று வந்தது, அப்புறம் மனிதர்கள் வந்தார்கள். எதிர்வீட்டுத் தச்சர் சீழ் வைத்த கட்டைவிரலை யாரும் பார்க்காத நேரம் பார்த்து முக்கிவிட்டுப் போனார். மறுநாள் அவர் மனைவி பாட்டிலோடு நின்றாள். சாக்கடை என்று மூக்கைப் பிடித்தவர்கள்தான் வரிசையில் முதலில் நின்றார்கள். ஊர் எப்போதும் அப்படித்தான். தண்ணீர் ஓடிய வழியில் பெயர் தெரியாத ஒரு பச்சை முளைத்தது. வட்ட இலை. கை வைத்தால், சற்று முன் யாரோ உட்கார்ந்து எழுந்த நாற்காலி மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். பாஸ்டர் ஒரு நாள் வந்து குனிந்து மோந்து பார்த்து, கார்பாலிக் சோப்பு வாடைதான் வருகிறது என்று சொல்லிவிட்டு, ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை தயவு என்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஒரு மனிதன் செய்கிற தயவு அவனை விட்டு வழிந்து தெருவெல்லாம் ஓடும் என்றார். மூன்று ஞாயிறு அதையே பேசினார். மூன்றாம் ஞாயிறு பாதிப் பேர் தூங்கினார்கள். தூங்காத ஒருத்தி வார்டுக்காரரின் மனைவி. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவள் பாஸ்டரை நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வெளிய ஓடுது பாஸ்டர், சரி. வீட்டுக்குள்ள கொஞ்சம் வர்ற மாதிரி எதாவது வழி இருக்கா?"

பாஸ்டர் ஜெபம் பண்ணுவதாகச் சொன்னார். பண்ணியிருப்பார்.

வார்டுக்காரர் வேலை பார்த்தது சபை நடத்துகிற ஆஸ்பத்திரியின் கடைசி வார்டில். இனிமேல் மருந்தால் ஆகாது என்று எழுதப்பட்டவர்கள் வருகிற இடம் அது. நடுவில் ஒரு திரை, அந்தப் பக்கம் ஆறு கட்டில் ஆண்களுக்கு, இந்தப் பக்கம் ஆறு கட்டில் பெண்களுக்கு. பெண்கள் பக்கம் ஓர் ஆயா உண்டு. அவளுக்கு இடுப்பு வலி என்பதால் அந்த வேலையிலும் பாதி இவர் தலையில். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, மலம் அள்ளுவது. படிப்பு நாலாம் வகுப்பு. யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. டாக்டர் சொன்னதையே மருந்துச் சீட்டில் இருக்கிறதா என்று நர்ஸிடம் கேட்டு உறுதி செய்துகொள்வார். ஆனால் கட்டிலுக்கு முன்னால் நின்றால் வேறு ஆள். பெட்பேனை வெந்நீரில் அலசிச் சூடேற்றித்தான் வைப்பார். துடைக்கிற தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்ப்பார். தலைமாட்டில் நிற்க மாட்டார். படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக வந்து நின்று, செய்யப்போவதை முதலில் சொல்லிவிட்டுத்தான் செய்வார். "ஐயா, இப்ப உங்களத் திருப்பப் போறேன். முதுகு பக்கம் கை வைக்கிறேன். கை சில்லுனு இருந்தா சொல்லுங்க." குடிகாரனோ, பிச்சைக்காரனோ, பெற்ற பிள்ளைகள் வாசலில் இறக்கிவிட்டுப் போன கிழவியோ, எல்லோரும் அவருக்கு 'நீங்க'தான். அந்தக் கை பட்டு எழுந்து வீட்டுக்கு நடந்து போனவர்கள் வருஷத்துக்கு இரண்டு பேராவது உண்டு. டாக்டர்கள் அதை மருந்துக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் கையை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம் அவர்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து ஏழு மாதம் இருந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர் கை கழுவாமல், சட்டை மாற்றாமல், ஓடிவந்து குழந்தையைத் தூக்கினார். அன்று மாலை காய்ச்சல், நாலாம் நாள் குழந்தை இல்லை. அந்த வருஷம் அதே காய்ச்சலில் அந்தப் பக்கம் ஏழு குழந்தைகள் செத்தன, அவற்றில் ஆறு குழந்தைகளின் அப்பன்மார் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்கள் என்று தலைமை நர்ஸ் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். அவர் நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். அடக்கம் முடிந்த மறுநாள் ஆள் வைத்து வாசலுக்கு வெளியே குழாய் இறக்கினார். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் வெளியிலேயே காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முதலில் வலது கை முழங்கைவரை, பிறகு இடது கை, பிறகு முகம், கழுத்து, எல்லாவற்றையும் சிவப்புச் சோப்பு போட்டு மூன்று தடவை தேய்ப்பார். கடைசியில் வாய் கொப்பளிப்பார். வார்டின் ஒரு துளியும் வீட்டுக்குள் வரக்கூடாது. இருபது நிமிஷம் ஆகும். சோப்புக்கு எது கிருமி, எது மற்றது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லாம் சேர்ந்து சாக்கடையில் போயிற்று. காலையில் வார்டுக்குள் கால் வைத்ததும் கிணறு மாதிரி மறுபடி ஊறும். மதியம் மறுபடி கழுவிவிடுவார்.

ஆகவே வீட்டுக்குள் வந்தவர் கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தார். அடித்தது இல்லை, குடித்தது இல்லை. அந்த இரண்டும் இல்லாவிட்டாலே ஊரில் நல்ல புருஷன் என்று பெயர் கிடைத்துவிடும், அவருக்கும் கிடைத்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வீட்டில் கேட்ட சொற்களை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். ஏய். உப்பு இல்ல. கதவச் சாத்து. வெளக்க அணை. மனைவி சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே காஜா எடுத்துக் கொடுப்பவள். ஒரு நாளைக்கு நூறு பொத்தான் துளைகள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து துளை சுற்றித் தைத்துக்கொண்டே அவர் குழாயடியில் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆணியில் மாட்டிய சட்டையைக் கையால் தொடக்கூடாது, குச்சியால் எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும் என்பது சட்டம். ஒரு நாள் சட்டத்தை மீறிச் சட்டைப் பையில் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே அவர் குரல் கிடந்தது. "பயப்படாதீங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன்." யாரிடம் சொன்னதோ. அதன் பிறகு தினமும் சட்டையை ஊறவைக்கும் முன் கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டாள். அப்புறம் குச்சியால் எடுத்துத் தண்ணீரில் போடுவாள்.

அடுத்துப் பிறந்தது ஒரு பெண். அவள் வளர்ந்து, படித்து, ஒரு கப்பல் குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டு தூரத்துக்குப் போனாள். போகிற அன்று கூடத்தில் அப்பாவின் முன் நின்றாள், ஒரு வார்த்தை சொல்வார் என்று. அவர் வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் இல்லை. ரொம்ப நேரம் அப்படி இருந்தது. கடைசியில், "கதவு நெறைய நேரம் தொறந்து கெடக்கு" என்றது மட்டும் கேட்டது. "கல்யாண நாள்கூட அப்பா எதையோ மென்னுக்கிட்டே நின்னார்" என்று அவள் வண்டியில் புருஷனிடம் சொன்னாள். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் அம்மா பெயருக்கு.

கல்யாணமான முப்பத்திமூன்றாம் வருஷம் மனைவியின் வயிற்றில் ஒரு கட்டி வந்தது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் காஜா எடுத்தாள். ஒரு நாள் ஊசியோடு சரிந்து விழுந்தாள். டாக்டர்கள் திறந்து பார்த்து, மூடித் தைத்து, கடைசி வார்டு என்று எழுதினார்கள். ஒன்பதாம் நம்பர் கட்டில்.

மறுநாள் காலை வார்டுக்காரர் கட்டிலுக்கு முன்னால், அவள் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக வந்து நின்றார். இரவெல்லாம் தூங்காத முகம். ஆனால் வார்டு வாய் வார்டில் பேசுகிறபடிதான் பேசியது.

"அம்மா, இப்ப உங்களத் திருப்பப் போறேன். முதுகு பக்கம் கை வைக்கிறேன். கை சில்லுனு இருந்தா சொல்லுங்க."

அவள் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "யாரச் சொல்றீங்க?"

"உங்களத்தாம்மா."

தையல் போட்ட வயிறு வலிக்க வலிக்க அவள் சிரித்தாள். "முப்பத்திமூணு வருஷம் கழிச்சு எனக்கு ஒரு 'நீங்க' கெடச்சிருக்கு. கட்டி வந்தாத்தான் தருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா, கல்யாணமான மறுநாளே வர வச்சிருப்பேனே."

அவர் முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் திருப்பினார். கை வெதுவெதுப்பாக இருந்தது. சாக்கடை ஓரத்து இலை மாதிரி. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலைந்து நாள் போனபின் அவளுக்குத் தைரியம் வந்தது. அவர் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஊர் பேர் தெரியாத ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர்னு ஒருத்தர் இருக்கார். உங்களுக்குத் தெரியுமா?"

அவர் நிமிராமல், "தெரியாதும்மா, சொல்லுங்க" என்றார்.

"நல்ல மனுஷன்தான். ஆனா வாயத் தொறந்தா உப்பு, கதவு, வெளக்கு. வேற வார்த்தையே அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல போல. ஒரு நாளாவது சாப்பிட்டியான்னு கேட்டிருப்பாரா? கெடயாது."

துண்டு நின்றது. "தெனமும் கேட்டேனே."

"எப்ப?"

"தெனமும். வந்து ஒக்காந்ததும் மொத வேலையே அதான். சாப்பிட்டியா, கண்ணு எரியுதா, கொஞ்ச நேரம் ஊசிய வச்சிட்டுப் படுன்னு. நீதான் ஒரு நாளும் பதில் சொன்னதில்ல. என்ன மனுஷி இவ, கல்லு மாதிரின்னு நெனச்சுக்கிட்டே சாப்பிட்டுட்டு எந்திரிப்பேன்."

"வாய் அசையும். பாத்திருக்கேன். பல்லு வலி போலன்னு நெனச்சேன்."

குழாயடி, சோப்பு, நாயின் கால், சட்டைப் பை எல்லாம் அவர்கள் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. அதைப் பேசி முடிக்க அவர்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முப்பத்தொரு வருஷம் கழுவிவிட்டதை அரை மணியில் கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியாக அவள் கேட்டாள்: "சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுவீங்களே, அது யாருக்கு? எனக்கு ஆமென் மட்டுந்தான் கேக்கும்."

"மொதல்ல ஒனக்கு. அப்புறம் பாப்பாவுக்கு. அப்புறம் பன்னெண்டு கட்டிலுக்கும் நம்பர் சொல்லி."

பத்தாம் கட்டில் அம்மாள் போர்வைக்குள்ளிருந்து, "என் நம்பர விட்டுடாதீங்க தம்பி" என்றாள். ஒன்பதாம் கட்டில்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நடுவுல ஒனக்கு, ஒனக்குன்னு எறங்கிட்டீங்களே. நீங்கன்னே சொல்லுங்க. அது நல்லா இருக்கு" என்றாள்.

அந்த நாற்பது நாளைப் போல ஒரு நாற்பது நாள் அவர்களுக்குக் கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை. அவர் திருப்பிவிடுவார், தலை வாரிவிடுவார், ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டுவார், மற்றப் பதினோரு பேருக்கும் அதே அளவு. அவளுக்கு அதில் குறையில்லை. எனக்கு மட்டும் கூட வேண்டாம், எல்லாருக்கும் குடுக்கறத எனக்கும் குடுத்தாப் போதும் என்றாள். உட்கார முடிந்ததும் ஊசி நூல் கேட்டு வாங்கி, முதுகில் நாடா கட்டுகிற வார்டு உடுப்புகளுக்கெல்லாம் காஜா எடுத்துப் பொத்தான் வைத்தாள். இன்றும் அந்த வார்டில் முதுகு தெரியாமல் படுத்திருப்பவர்கள் அவளால்தான் அப்படிப் படுத்திருக்கிறார்கள். கட்டி தேங்காயளவு இருந்தது எலுமிச்சையளவாயிற்று. டாக்டர் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று எழுதினார்.

"போகணுமா டாக்டர்?"

"எல்லாரும் எப்ப வீட்டுக்குன்னு அழுவாங்க. நீங்க என்னம்மா?"

"எங்க வீட்டு வாசல்ல ஒரு குழாய் இருக்கு."

"நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வண்டியில் வந்து இறங்கியதும் அவரே அவளைத் தூக்கி உள்ளே கட்டிலில் கிடத்தியிருந்தால் கதை வேறாகியிருக்கும். தச்சர் மனைவியையும் இன்னொருத்தியையும் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லிவிட்டு அவர் குழாயடிக்குப் போனார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கி ஒரு நாள் கழுவாம வாங்க."

"இப்பத்தான் தையல் ஆறியிருக்கு. காத்துப் பட்டாலே பிடிச்சிக்கும். என் கையில என்னென்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியாது."

"என்ன இருக்குன்னு நாப்பது நாளா பாத்தேன்."

"அது வார்டு. அங்க எல்லாத்தையும் கொதிக்க வைக்கிறோம். இங்க வேற." அவர் குரல் இறங்கியது. "ஒண்ணத் தூக்கிக் கொன்னவன் நான். கழுவாமத் தூக்கிக் கொன்னேன். ஒன்னையும் கொல்லச் சொல்றியா?"

ஊரில் எல்லோரும் அவள் ஏதாவது எடுத்தெறிந்து சொல்லுவாள் என்று நினைத்தார்கள். அவள், "நீங்க கொல்லலங்க. அன்னிக்கி ஒரு நாள்தான் அவன நீங்க தூக்குனீங்க. சிரிச்சான். நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் கழுவினார். மனைவி வீட்டில் நோயாளியாகக் கிடக்கிறாள் என்பதால் மூன்று தடவைக்குப் பதில் ஐந்து தடவை. பயம் ஒரு மனிதனுக்குள் முப்பது வருஷம் குடியிருந்தால் வாடகை கேட்காது, வீட்டையே எழுதி வாங்கிவிடும். அன்று தச்சர் மனைவி பிடித்துப் போன பாட்டில் தண்ணீரில் அவளுடைய பத்து வருஷ மூட்டுவலி போயிற்று.

பதினோரு நாள் அப்படிப் போயிற்று. மதியம் உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்து அவர் பேசுவார். பேசுகிறார் என்று இப்போது இருவருக்கும் தெரியும். அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள முயன்றாள். காஜா எடுத்து எடுத்துத் தேய்ந்த கண். "கொஞ்சம் வெளிச்சத்துல வந்து சொல்லுங்க" என்பாள். ஜன்னல் பக்கம் முகத்தைக் கொண்டுவந்து மறுபடி சொல்வார். சாப்பிட்டியா என்பது தெரிந்தது. அதற்கு மேல் நீளமாகச் சொன்னவை தெரியவில்லை. அவர் கை சுத்தமாகவும் சில்லென்றும் இருந்தது. எலுமிச்சை மறுபடி தேங்காயாயிற்று. அவர் தலைமை நர்ஸிடம் போய், வார்டில் மறுபடி ஒரு கட்டில் வேண்டும் என்று நின்றார். பன்னிரண்டும் நிரம்பியிருந்தன. ஒன்பதில் வேறொரு அம்மாள் படுத்திருந்தாள். அவளைத் திருப்பும்போது அவர் கை நடுங்கவில்லை என்று ஆயா சொன்னாள், அதைக் குறையாகச் சொன்னாளா பெருமையாகச் சொன்னாளா தெரியவில்லை.

பதினோராம் நாள் மதியம் ஆறாம் நம்பர் கட்டில் காலியாயிற்று. ஆண்கள் பக்கம்தான், ஆனால் திரையை ஒரு கட்டில் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னாள். அந்தச் செய்தியோடு அவர் வழக்கத்தைவிட வேகமாக வந்தார். நாய் வாலாட்டியது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். குழாயைத் திறந்து வலது கையைத் தேய்த்தார். இடது கைக்குச் சோப்பை மாற்றும்போதுதான் ஆணியில் தொங்கிய சட்டை கண்ணில் பட்டது. மேல் பொத்தான் போய் ஒரு வாரமாயிற்று; இப்போது அங்கே ஒரு பொத்தான் இருந்தது. காலையில் அவசரத்தில் கவனிக்கவில்லை. நூல் கோணல் மாணலாக ஓடியிருந்தது. நூறு காஜா எடுத்த கை இப்படித் தைக்காது. எழுந்து நிற்க முடியாதவள், நேற்று ராத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி வந்து, தொடக்கூடாத சட்டையைக் கையில் எடுத்துத் தைத்திருக்கிறாள். பொத்தானுக்குப் போகிற சாக்கில் சட்டைப் பையில் காதையும் வைத்திருப்பாள்.

அவர் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏழு மாதக் குழந்தையின் முகம் வந்தது. அது சிரித்ததா என்று நினைத்துப் பார்த்தார். காய்ச்சல் ஞாபகம் இருந்தது, நாலாம் நாள் ஞாபகம் இருந்தது, சிரித்தது ஞாபகம் வரவில்லை. அதற்காக இன்னும் கொஞ்சம் நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வந்தது: கையில் தூக்கியதும் இரண்டு பல்லையும் காட்டிச் சிரித்து, இதே சட்டை மாதிரி ஒரு சட்டையின் மேல் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அவர் குழாயை மூடினார். சோப்பைச் சாக்கடையில் போட்டார். சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கோணல் பொத்தானை மாட்டிக்கொண்டு, வாய் கொப்பளிக்காமல் உள்ளே போனார்.

கட்டிலுக்கு முன்னால், அவள் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாகப் போய் நின்றார்.

"அம்மா, நாந்தான் வந்திருக்கேன். இப்ப உங்களத் திருப்பப் போறேன். முதுகு பக்கம் கை வைக்கிறேன்."

அந்த வீட்டில் அந்தக் குரல் முதல் தடவை கேட்டது. தச்சர் வீட்டில் கேட்டது, அடுத்த தெருவில் கேட்டது, நாய் எழுந்து நின்றது. கழுவாத இடது கையை அவள் முதுகுக்குக் கீழே கொடுத்தார். முதுகு சூடாக இருந்தது. அதை அவர் நம்பவில்லை; உயிர் போன உடம்பில் முதுகு கடைசியாகத்தான் ஆறும் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். கன்னத்தைத் தொட்டார். கன்னமும் ஆறவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்த்த கைக்குக் கடிகாரம் வேண்டாம். உயிர் போய்க் கால் மணி நேரம், அதற்கு மேல் இல்லை. குழாயடியில் அவர் நின்ற நேரமும் அதுதான்.

ஆறாம் நம்பர் கட்டில் கிடைத்ததை அவளிடம் சொன்னார். சொல்ல வந்த செய்தியைச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் என்ன செய்வது. பிறகு வெந்நீர் வைத்து, முழங்கையால் தொட்டுப் பார்த்து, தானே அவளைக் குளிப்பாட்டினார். உதவிக்கு வந்தவர்களை வெளியில் நிற்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தார்: இப்ப கைய எடுக்கறேன், இப்ப தலை மேல ஊத்தப் போறேன், கண்ண மூடிக்கோங்க. அந்தத் தண்ணீர் கட்டிலடியிலிருந்து கூடம் வழியாக ஓடி, வாசல்படி தாண்டிக் குழாயடிச் சாக்கடைக்குப் போயிற்று. வாசலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது அன்றுதான் முதன்முதலாக உள்ளிருந்து கிளம்பியது.

அடக்கத்துக்கு மகள் வந்து சேர இரண்டு நாளாயிற்று. எல்லாம் முடிந்து ஆட்கள் போனபின் கூடத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து, அவள் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக நின்றார்.

"அம்மா, நீங்க காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. கொஞ்சம் சூடா இருக்கு, பாத்துக் குடிங்க."

மகள் நிமிர்ந்து பார்த்துப் பயந்துபோனாள். இந்தக் குரலில் அப்பா யாரிடம் பேசுவார் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அம்மாவுக்குத் தெரியாமல் அவளும் சட்டைப் பையில் காது வைத்தவள்தான்.

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லப்பா. எங்கிட்ட ஏன் இப்படிப் பேசறீங்க?"

"பேசிக்கிட்டுதாம்மா இருந்தேன்" என்றார்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். பால் ஆறி ஆடை கட்டும்வரை குடிக்கவில்லை. கல்யாண நாளன்று என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். அவர் முதலிலிருந்து சொன்னார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கதவு என்ற வார்த்தை அதில் ஒரு தடவைகூட வரவில்லை.

குழாயடியில் இப்போது தண்ணீர் இல்லை. அவர் வெளியில் கழுவுவதில்லை, சோப்பும் வாங்குவதில்லை. பாட்டிலோடு வந்தவர்கள் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள், கட்டிலடியிலிருந்து வாசல்படி வரை, தண்ணீர் ஓடிய வழியில் சிமெண்டுத் தரையைக் கீறிக்கொண்டு அந்த வட்ட இலைப் பச்சை முளைத்திருக்கிறது, ஒரு பாய் அகலத்துக்கு. மகள் வருஷத்துக்கு இரண்டு தடவை பிள்ளைகளோடு வந்து அதன்மேல் படுத்துத் தூங்குகிறாள். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் அதைத் தாண்டிக் கால் வைத்துப் போய் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். நாய் வெளியில் படுப்பதை விட்டுவிட்டது.

வார்டுக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். மதியம் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணுவார். தெருவில் போகிறவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். முதலில் வீட்டுக்காரிக்கு, பிறகு மகளுக்கு, பிறகு ஏழு மாதத்துப் பிள்ளைக்கு, பிறகு ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை. ஒன்பதைச் சொல்லும்போது கொஞ்சம் நிற்பார். அந்தக் கட்டிலில் இப்போது யாரோ, அவர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளியில் போகிறவர்கள் ஆமென் சொல்லிவிட்டு நடக்கிறார்கள். அவர் இரண்டு தட்டு வைத்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுகிறார்.